ஏழு விளக்குப் பொம்மைகளும் ஒரு சோப்புக்குமிழிப் புட்டியும்

என் சித்தி மகனுக்குப் போன ஆண்டு மூன்று வயது நிறைந்தது. செங்காங் வீட்டில் சின்ன விருந்து. பிரியாணி, கேக், இருபது சொந்தக்காரர்கள். பரிசுப் பொட்டலங்களைப் பிரிக்கப் பிரிக்க எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டில் ஏழு, விளக்கு எரியும் பொம்மைகள். நீலமும் சிவப்புமாய் மின்னும் போலிஸ் கார், சுற்றும்போது வானவில் காட்டும் பம்பரம், பொத்தானைத் தொட்டால் கண் பளிச்சிடும் இயந்திர நாய். அந்த ஏழில் ஒன்று நான் வாங்கியது. விலை 49 வெள்ளி 90 காசு. பகுதிநேர வேலை பார்க்கும் பல்கலைக்கழக மாணவிக்கு அது சின்னத் தொகை இல்லை.

யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் ஒரே யோசனைதான் வந்திருந்தது. தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு காதுகளிலும் அறுவை சிகிச்சை செய்து காக்ளியர் கருவி பொருத்தியிருக்கிறார்கள். காதில் குறைவதைக் கண்ணுக்குக் கூட்டிக் கொடுத்தால் என்ன என்று நினைத்தோம்.

தம்பிக்குப் பொம்மைகள் பிடிக்காமல் இல்லை. மிகவும் பிடித்துவிட்டன, அதுதான் சிக்கல். ஏழையும் வரிசையாக வைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான். சித்தி கூப்பிட்டார். தரையைத் தட்டினார். தோளைத் தொட்டார். ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி விளக்குக்குப் போய்விட்டான். கேக் வெட்டும் வரை அப்படியேதான் இருந்தான்.

விருந்தாளிகள் போன பிறகு சித்தி ஒன்றைத் தவிர மற்ற ஆறையும் எடுத்து அலமாரிக்கு மேல் வைத்தார். என்னுடையதும் மேலே போனது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பிறகு அவர் சமையலறையிலிருந்து ஒரு சோப்புக்குமிழிப் புட்டியைக் கொண்டுவந்தார். அக்கம்பக்கக் கடையில் இரண்டு வெள்ளிக்குக் கிடைப்பது. வளையத்தை வாயருகே பிடித்துக்கொண்டு ஊதாமல் காத்திருந்தார். தம்பி அவர் முகத்தைப் பார்த்தான். "ஊது" என்று வாயாலும் கையாலும் சொன்னார். அவனும் கையை அசைத்துச் சொன்னான். அதற்குப் பிறகுதான் ஊதினார்.

நான் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறேன். பிள்ளைகளின் மொழி வளர்ச்சி பற்றி ஒரு பருவம் முழுவதும் பாடம் கேட்டு, தேர்வும் எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு வெள்ளிப் புட்டியில் இருந்த சூட்சுமம் எனக்கு எந்த விரிவுரையிலும் பிடிபட்டதில்லை.

கண் ஒன்று, வேலை இரண்டு

காது நன்றாகக் கேட்கும் பிள்ளை ஒரு காரை உருட்டி விளையாடும்போது அம்மா பக்கத்திலிருந்து பேசிக்கொண்டே இருப்பார். "கார் போகுது பார்... ஐயோ, மோதிடுச்சு! சக்கரம் எங்கே?" பிள்ளையின் கண் காரில் இருக்கும், காதில் சொல் விழுந்துகொண்டே இருக்கும். பொருளும் அதன் பெயரும் ஒரே நேரத்தில் வந்து சேரும். ஒரு நாளில் இப்படி எத்தனை முறை நடக்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை. பேச்சை யாரும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுப்பதில்லை. இப்படித்தான் அது ஒட்டிக்கொள்கிறது.

காது கேட்காத அல்லது குறைவாகக் கேட்கும் பிள்ளைக்கு இந்த வசதி இல்லை. பொம்மையைப் பார்ப்பதும் கண்தான். அம்மாவின் வாயசைவையும் சைகையையும் முகபாவத்தையும் படிப்பதும் அதே கண்தான். காரைப் பார்க்கும்போது பேச்சு தவறிப்போகும், பேச்சைப் பார்க்கும்போது கார் போய்விடும். செவித்துணைக் கருவியோ காக்ளியர் கருவியோ பெரிய உதவிதான், ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டவுடன் பார்வை தெளிவதைப்போல அது வேலை செய்வதில்லை. விருந்து வீட்டு இரைச்சலில், நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில், தம்பிக்கு அந்தக் கருவி தருவது சத்தத்தைத்தான். அதில் சொற்களைப் பிரித்தெடுப்பது கடினம். அப்போதெல்லாம் அவன் நம்புவது கண்ணை.

அந்தக் கண்ணைத்தான் நாங்கள் ஏழு பேர் ஏழு பொம்மையைக் கொண்டு பிடித்து வைத்துக்கொண்டோம்.

அதனால், காது கேட்காத பிள்ளைக்குப் பொம்மை வாங்குபவர் கடையில் கேட்டுக்கொள்ள வேண்டியது, "இதை இவனால் பார்க்க முடியுமா?" என்று மட்டுமன்று. "இதை வைத்து விளையாடும்போது இவன் தலையை நிமிர்த்துவானா?" என்றும் கேட்க வேண்டும். பந்து நிமிர வைக்கும், ஏனென்றால் எறிபவரைப் பார்த்தாக வேண்டும். குமிழி நிமிர வைக்கும். மேலே போட்டால் கீழே உருண்டு வரும் கோலிப்பாதையில், அடுத்த கோலியை நீங்கள் கையில் வைத்துக்கொண்டால் அவன் உங்களைப் பார்ப்பான். சமையல் சாமான், கடை வைத்து விற்பது, டாக்டர் பெட்டி போன்றவற்றுக்கு எதிரில் ஓர் ஆள் தேவை. தானே ஓடி, தானே மின்னி, தானே அணையும் பொம்மைக்கு யாரும் தேவையில்லை.

இதில் பெரியவர்கள் செய்யக்கூடிய வேலையும் உண்டு. காது கேளாத பெற்றோர் தங்கள் பிள்ளைகளோடு இதை இயல்பாகவே செய்கிறார்கள் என்று பாடத்தில் படித்தேன், சித்தி பழகிப் பழகித் தெரிந்துகொண்டார். பொம்மையை உங்கள் முகத்துக்கு அருகே தூக்கிப் பிடிப்பது. பிள்ளை பொம்மையைப் பார்த்து முடித்து உங்களிடம் வரும் வரை வாய் திறக்காமல் காத்திருப்பது. சைகையை, அவன் பார்த்துக்கொண்டிருக்கும் பொருளுக்குப் பக்கத்திலேயே செய்வது. இதில் காத்திருப்பதுதான் கடினம். ஐந்து நொடி அமைதி நமக்கு ஐந்து நிமிடமாகத் தெரிகிறது.

பேச்சு, மொழி என்று இவ்வளவு கவலைப்படக் காரணம் இருக்கிறது. காது கேட்காமல் பிறக்கும் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல், நன்றாகக் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள். அந்தப் பெற்றோரில் பலர் அதுவரை காது கேளாத ஒருவரோடு பேசிக்கூட இருக்க மாட்டார்கள். சிங்கப்பூர் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்குச் செவித்திறன் சோதனை செய்வதால் குறைபாடு சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. ஆனால் தெரிந்த பிறகு வரும் மூன்று, நான்கு ஆண்டுகளில் பிள்ளைக்கு ஏதாவது ஒரு மொழி முழுதாகக் கிடைத்தாக வேண்டும். பேச்சு மொழியோ சைகை மொழியோ, இரண்டுமோ. அந்த வயதில் பிள்ளையின் முழுநேரத் தொழில் விளையாட்டு. மொழி அந்த வழியாகத்தான் உள்ளே வர முடியும்.

ஒரு பொம்மையும் ஒரு சொல்லும்

ஹெலன் கெல்லரைப் பள்ளிப் பாடத்தில் படிக்காதவர் குறைவு. 19 மாதக் குழந்தையாக இருந்தபோது நோயில் பார்வையையும் செவித்திறனையும் இழந்தவர். அவருக்கு ஏழு வயது நிறையச் சில மாதங்கள் இருக்கையில், 1887ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஆன் சல்லிவன் என்ற இளம் ஆசிரியை அவரது வீட்டுக்கு வந்தார். வரும்போது ஒரு பொம்மை கொண்டுவந்தார். பெர்க்கின்ஸ் பள்ளியில் படித்த பார்வையற்ற பிள்ளைகள் கொடுத்தனுப்பிய பொம்மை அது.

ஹெலன் அதை வைத்துச் சற்று நேரம் விளையாடிய பிறகு, ஆசிரியை அவர் உள்ளங்கையில் விரலால் எழுத்து எழுத்தாக ஒரு சொல்லைச் சொன்னார். அந்தச் சொல், 'பொம்மை' என்பதற்கான ஆங்கிலச் சொல். பார்வையும் கேள்வியும் இல்லாத பிள்ளைக்கு எஞ்சியிருந்த வழி கை. பொம்மை வந்ததும் அந்த வழியாகத்தான், சொல் வந்ததும் அந்த வழியாகத்தான். பொம்மை முதலில், சற்று இடைவெளி, பிறகு சொல்.

உடனே எதுவும் விளங்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விரல் விளையாட்டாக நினைத்து ஹெலன் அதைத் திருப்பிச் செய்துகாட்டினாரே தவிர, பொருளுக்கெல்லாம் பெயர் உண்டு என்பது ஒரு மாதம் கழித்துத் தண்ணீர்க் குழாயடியில்தான் புரிந்தது. அதே நாளில், பாடத்தின் மேல் வந்த எரிச்சலில் ஒரு பொம்மையைத் தரையில் அடித்து உடைத்தும் விட்டார். இதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. பொம்மையை வாங்கிக் கொடுத்துவிட்டால் அது தானே பாடம் நடத்தும் என்று எதிர்பார்ப்பவர்கள் அந்த உடைந்த பொம்மையை நினைத்துக்கொள்ளலாம்.

"யானை ஏன் வாளி மாதிரி மணக்குது?"

தம்பி வீட்டில் கற்ற பாடம், பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளிடம் தலைகீழாகத் திரும்பி வந்தது. பல்கலைக்கழகத் தொண்டூழியக் குழுவில் சேர்ந்து, சனிக்கிழமைகளில் ஒரு நிலையத்தில் பிள்ளைகளோடு விளையாடப் போனேன். அங்கே ஆறு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி. வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். எந்தப் பொருளைக் கொடுத்தாலும் முதலில் தரையில் ஒருமுறை தட்டுவாள். மரமா, பிளாஸ்டிக்கா, உள்ளே குழியா என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்துகொள்வாள். அடுத்து முகர்வாள். விரல்கள் அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கும்.

முதல் வாரம் நான் விலங்குப் பொம்மைகள் கொண்டுபோயிருந்தேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் யானை, மாடு, ஒட்டகச்சிவிங்கி. பார்ப்பதற்கு அச்சு அசலாக இருந்தன. யானையை அவள் கையில் வைத்து, "இதுதான் யானை" என்றேன். தட்டிப் பார்த்தாள், முகர்ந்தாள். "யானை ஏன் வாளி மாதிரி மணக்குது?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. உண்மையில் அவள் கையில் இருந்தது யானை இல்லை, யானையின் படம். யானையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு மட்டுமே அந்தப் பிளாஸ்டிக் துண்டு யானையை நினைவூட்டும். அவளுக்கு அதுவும் நாலு கால், மாடும் நாலு கால், இரண்டும் வாளி. நாம் "அசல் மாதிரியே இருக்கிறது" என்று மெச்சும் பொம்மைகளில் பெரும்பாலானவை கண்ணுக்கு மட்டும் அசல் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அடுத்த வாரம் வீட்டுச் சமையலறையைக் காலி செய்தேன். எவர்சில்வர் டம்ளர் இரண்டு, மரக்கரண்டி, தேங்காய்ச் சிரட்டை, சல்லடை, பாத்திரம் தேய்க்கும் நார், இறுக்கி மூடிய டப்பாவில் பயறு. டம்ளர் கை பட்டதும் குளிர்ந்தது. சிரட்டை ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு. அரை மணி நேரம் அவளுக்கு நான் தேவைப்படவே இல்லை. பிறகு டம்ளரைச் சிரட்டையில் கவிழ்த்து, "டீ குடிங்க" என்று என்னிடம் நீட்டினாள். இவை பொருளின் படங்கள் இல்லை, பொருள்களே.

தட்டு ஒன்றும் முக்கியம். விளிம்புள்ள அகலமான தட்டில் வைத்துத்தான் இவற்றைக் கொடுத்தேன். நிலையத்து ஆசிரியை சொல்லிக் கொடுத்தது. பார்வையில்லாத பிள்ளையின் கையை விட்டுப் போகும் பொருள், உருண்டு போவதில்லை, மறைந்தே போகிறது. பார்வையுள்ள குழந்தை நான்கைந்து மாதத்தில் கண்ட பொருளை நோக்கிக் கையை நீட்டத் தொடங்கிவிடும். பார்வையற்ற குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்து 1977ல் நூல் எழுதிய செல்மா ஃப்ரைபெர்க், சத்தத்தை மட்டும் வைத்து ஒரு பொருளை நோக்கிக் கை நீட்டுவது அவர்களுக்கு முதல் வயதின் கடைசிப் பகுதியில்தான் வருகிறது என்று காட்டினார். அதுவரை கைக்கு எட்டாத உலகம் அந்தக் குழந்தைக்கு இல்லாத உலகம். டென்மார்க்கைச் சேர்ந்த லில்லி நீல்சன் இதற்காகவே 'சின்ன அறை' என்று ஒன்றை உருவாக்கினார். குழந்தை படுத்திருக்கும் பெட்டி போன்ற இடத்தில், மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் கரண்டி, சங்கிலி, மணி எல்லாம் தொங்கும். ஒவ்வொன்றும் எப்போதும் அதே இடத்தில் இருக்கும். தற்செயலாகக் கை பட்டால் சத்தம் வரும். மறுபடி அங்கேயே கையை நீட்டினால் மறுபடி வரும். தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை குழந்தைக்கு இப்படித்தான் பிறக்கிறது.

பாட்டுப் பொம்மை என்ற புகைமூட்டம்

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை என்றதும் நம் கை எதை எடுக்கும்? ஒரு பொத்தானை அழுத்தினால் நான்கு பாட்டும் பாடி, விலங்குகளின் குரலும் எழுப்பும் பொம்மையை. நிலையத்தின் அலமாரியிலும் அப்படிப்பட்டவை நிறைய இருந்தன, எல்லாம் யாரோ அன்பாகக் கொடுத்தவை.

அந்தச் சிறுமி உட்கார்ந்திருக்கும்போது கவனித்தேன். கதவு திறந்தால் தலை திரும்பும். யார் வந்தது என்பது காலடியில் தெரியும். மின்விசிறி எந்தப் பக்கம், சன்னல் எந்தப் பக்கம், பக்கத்துப் பிள்ளை அழுகிறதா சிரிக்கிறதா, எல்லாவற்றையும் காது வரைந்துகொண்டே இருக்கிறது. நடுவில் பாட்டுப் பொம்மை அலறத் தொடங்கினால் அந்த வரைபடம் மொத்தமாக அழிந்துவிடும். சிங்கப்பூரில் புகைமூட்டம் வந்த நாள்களில் எதிர்த்த புளோக் காணாமல் போகுமே, அதைப்போல. நாம் புகைமூட்டத்தைப் பரிசாகக் கொடுத்துவிட்டு, "பிள்ளை எவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருக்கிறது" என்று மகிழ்கிறோம்.

தம்பிக்கு விளக்குப் பொம்மை செய்ததை, இவளுக்குப் பாட்டுப் பொம்மை செய்கிறது. பிள்ளை எந்தப் புலனை நம்பி வாழ்கிறதோ, பொம்மை அதே புலனைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறது.

சத்தமே கூடாது என்று சொல்லவில்லை. பிள்ளை செய்தால் மட்டும் வரும் சத்தம் நல்ல சத்தம். மேளம் அடித்தால் ஒலிக்கும், விட்டால் நிற்கும். கிலுகிலுப்பை குலுக்கும் வரைதான் பேசும். மணி வைத்த பந்தும் நல்லது. பார்வையற்றோருக்கான 'கோல்பால்' விளையாட்டு அப்படிப்பட்ட பந்தில்தான் நடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக 1946ல் உருவான விளையாட்டு அது, 1976 முதல் உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது பார்வையாளர்கள் அமைதியாக இருக்க வேண்டும், பந்தின் மணி விளையாட்டாளரின் காதில் விழ வேண்டுமே!

வீட்டில் மணிப் பந்து இல்லையென்றால், சாதாரணப் பந்தை உணவங்காடியில் பொட்டலம் கட்டித் தரும் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டினால் போதும். உருளும்போது சரசரக்கும். ஆறு வயதுக்காரியோடு நாங்கள் விளையாடியது இந்தப் பந்தில்தான். நின்றுவிட்டால் சத்தமும் நின்றுவிடும் என்பதால் சுவர் மூலையை நோக்கித்தான் உருட்டுவோம். தேடிப் பிடிக்க எளிது. சின்னக் குழந்தைகள் கையில் மட்டும் பிளாஸ்டிக் பையைக் கொடுக்காதீர்கள், மூச்சடைக்கும் ஆபத்து உண்டு.

இன்னொன்று. புதிய பொம்மையைக் காட்டும் ஆர்வத்தில் நாம் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து அதன்மேல் வைத்துவிடுவோம். உங்கள் கண்ணிமையை யாராவது விரலால் பிரித்து "இதைப் பார்" என்றால் எப்படி இருக்கும்? உங்கள் கையை அடியில் வைத்து, பிள்ளையின் கை அதன்மேல் இருக்கும்படி விட்டு, மெல்லப் பொம்மையிடம் கொண்டுபோவதுதான் முறை. பிடிக்காவிட்டால் கையை எடுத்துக்கொள்ளும் உரிமை அப்போது பிள்ளையிடம் இருக்கும்.

பார்வைக் குறைபாடு எல்லாம் ஒன்றன்று என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுதாக இருட்டில் இருப்பவர்கள் குறைவு. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கொஞ்சமாவது பார்வை இருக்கிறது. சிலருக்கு நடுப்பகுதி தெரியாது, சிலருக்கு ஓரங்கள் தெரியாது. சிலருக்கு வெளிச்சம் உதவும், சிலருக்கு அதே வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும். கண்ணில் கோளாறு இல்லாமல், பார்த்ததை மூளை புரிந்துகொள்வதில் சிக்கல் உள்ள பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குப் பத்து நிறப் பொம்மை வெறும் குழப்பம், கறுப்பு விரிப்பின்மேல் ஒரே ஒரு மஞ்சள் பந்து போதும். அதனால் வாங்குவதற்கு முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்டால் மனம் புண்படுமோ என்று நாங்களும் தயங்கினோம். சித்தி பிறகு சொன்னார்: "யாராவது கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்."

கடையில் கிடைப்பவை

நிறுவனங்களும் கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொண்டு வருகின்றன. லெகோ நிறுவனம் 2020ல் பிரெயில் கட்டைகளை வெளியிட்டு, முதலில் பள்ளிகளுக்கும் அமைப்புகளுக்கும் கொடுத்தது. 2023 முதல் பொதுமக்களும் வாங்கலாம். கட்டையின் மேலுள்ள குமிழ்களே பிரெயில் எழுத்துகள், கூடவே அச்செழுத்தும் இருக்கும். பார்வையுள்ள அண்ணனும் பார்வையற்ற தங்கையும் ஒரே பெட்டியை வைத்து விளையாட முடியும். எனக்கு அதில் பிடித்தது அதுதான். உனோ சீட்டுக்கட்டிலும் 2019ல் பிரெயில் பதிப்பு வந்தது.

பிரெயில் என்றால் ஆங்கிலத்துக்கு மட்டும் என்று நினைத்திருந்த எனக்கு ஓர் இன்ப அதிர்ச்சி. தமிழுக்கும் அதே ஆறு புள்ளிகள்தான். 'பாரதி பிரெயில்' எனப்படும் இந்திய மொழிகளுக்கான பொது முறையில், ஆங்கில 'ஏ'யின் ஒற்றைப் புள்ளிதான் நம் 'அ'. 'கே'யின் இரண்டு புள்ளிகள் 'க'. 'எம்' என்பது 'ம'. ஆங்கிலக் கட்டைகளை வைத்தே தமிழின் சில எழுத்துகளைத் தொட்டுக் காட்டிவிடலாம்.

காதில் கருவி மாட்டிய பொம்மைகளும் வந்துவிட்டன. 2015ல் பிரிட்டனில் ரெபெக்கா அட்கின்சன் என்ற செய்தியாளர், பொம்மைப் பெட்டிகளில் உடற்குறையுள்ள பிள்ளைகளைப்போல யாருமே இல்லையே என்று கேட்டு ஓர் இயக்கம் தொடங்கினார். அவருக்கே பார்வையிலும் செவித்திறனிலும் குறைபாடு உண்டு. 2022ல் செவித்துணைக் கருவி அணிந்த பார்பியும் 2024ல் வெள்ளைக் கைத்தடி பிடித்த பார்பியும் விற்பனைக்கு வந்தன. அவற்றைத் தேடி அலைய முடியாதவர்கள், வீட்டிலிருக்கும் கரடி பொம்மையின் காதில் களிமண்ணில் ஒரு கருவி செய்து ஒட்டிவிடலாம். தம்பியின் கரடிக்கு அதைச் செய்தது நான். அலமாரிக்கு மேல் போகாத ஒரே பரிசு அதுதான்.

பாதுகாப்பு விவரங்கள் இரண்டு மூன்று. செவித்துணைக் கருவிகளிலும் பல பொம்மைகளிலும் உள்ள பொத்தான் மின்கலன்களை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மின்கலன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் நெடுநாள் வரை பொருளை வாயில் வைத்தே ஆராய்வார்கள் என்பதால் பெட்டியில் அச்சிட்ட வயதை மட்டும் நம்பக்கூடாது. காக்ளியர் கருவியின் வெளிப்பகுதி காந்தத்தால் தலையில் ஒட்டியிருப்பது. காந்தக் கட்டைகள் வாங்குமுன் பிள்ளையின் செவித்திறன் நிபுணரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. காது மந்தமான பிள்ளைக்குச் சத்தம் கூடிய பொம்மை உதவும் என்பதும் தவறு. எஞ்சியிருக்கும் கேட்கும் திறனையும் பெருஞ்சத்தம் கெடுக்கும்.

பெட்டி பெட்டியாகத் திரட்டியது

இதைப் படிக்கும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களில் பலர் என்றாவது ஒரு சமூகச் சேவைத் திட்டத்துக்காகப் பொம்மை திரட்டியிருப்பீர்கள். நானும் உயர்நிலை மூன்றில் திரட்டினேன். எங்கள் வகுப்பு மூன்று பெரிய பெட்டிகளை நிரப்பிச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. படம் எடுத்துக்கொண்டோம். அங்கிருந்தவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். எத்தனை பொம்மை பயன்பட்டிருக்கும் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பாதிக்கு மின்கலன் இல்லை. துண்டு குறைந்த புதிர்ப்படங்கள். மற்றவை எல்லாம் ஒளி, இல்லாவிட்டால் ஒலி.

அந்தப் பெட்டிகளுக்குப் பதிலாக, அதே நாற்பது பேர் அதே மூன்று வாரத்தில் என்ன செய்திருக்கலாம்? பாம்பு ஏணி அட்டை ஒன்றை எடுத்து, கட்டங்களின் கோடுகளில் கம்பளி நூலை ஒட்டி, பாம்புக்கு வழவழத் துணியும் ஏணிக்கு ஐஸ்கிரீம் குச்சியும் வைத்து, காய்கள் நகராமலிருக்க அடியில் ஒட்டுப்பசை வைத்திருக்கலாம். ஒரு குழு ஒன்று செய்தாலே எட்டு அட்டைகள். சாதாரணப் பகடையின் புள்ளிகளைப் பசையால் மேடாக்கலாம். அல்லது பாட்டி வீட்டுத் தாயக்கட்டையைக் கேட்கலாம். குழிக்குழியாகப் புள்ளி வைத்த பித்தளைத் தாயக்கட்டையை விரல் நுனியாலேயே படிக்க முடியும். செய்த பிறகு கொடுத்துவிட்டு வராமல், ஒரு ஆட்டம் உட்கார்ந்து ஆடிவிட்டு வரலாம்.

எங்கே போய்க் கற்றுக்கொள்வது என்று கேட்பவர்களுக்கு இங்கேயே இடங்கள் உள்ளன. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் படிக்கும் லைட்ஹவுஸ் பள்ளி, செவித்திறன் குறைபாடுள்ளவர்கள் படிக்கும் கனோசியன் பள்ளி, 2018 முதல் சைகை மொழி வழியாகவும் காது கேளாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் மேஃபிளவர் தொடக்கப்பள்ளி. போவதற்கு முன் கேட்டுவிட்டுப் போங்கள், என்ன தேவை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தம்பிக்கு இப்போது நான்கு வயது. அவன் இப்போது அதிகம் ஆடுவது யாரும் அவனுக்காக வாங்காத ஒன்றை. பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி வீடு மாறிப் போனபோது எங்கள் பாட்டிக்குக் கொடுத்துவிட்டுப் போன சொங்காக் பலகை. நம் பல்லாங்குழிதான், இரு முனையிலும் கூடுதலாக ஒரு பெரிய குழி. ஒரு பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஏழு சோழி.

பாட்டிக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது, சைகை மொழியும் தெரியாது. அவனோடு எப்படிப் பேசுவது என்று தெரியாமல் இரண்டு ஆண்டுகள் அவனுக்கு வாழைப்பழம் மட்டும் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது தரையில் எதிரெதிரே உட்காருகிறார்கள். அவன் சோழிகளைப் போட்டுக்கொண்டே போவான், கடைசிச் சோழி காலிக் குழியில் விழுந்ததும் தலையை நிமிர்த்துவான். நிமிர்ந்தால்தானே அடுத்தவர் எடுக்க முடியும். அந்த நொடிக்காகப் பாட்டி காத்திருப்பார். அவன் கண் தன் முகத்துக்கு வந்த பிறகு, வாயை அகலத் திறந்து, "என் முறை" என்பார், தன் நெஞ்சைத் தட்டிக்காட்டி.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் அதை மாற்றிவிட்டான். பாட்டியின் சோழி காலிக் குழியில் விழுந்தது. அவர் நிமிரவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தம்பி பலகையைத் தட்டினான். பாட்டி பார்த்ததும் நெஞ்சைத் தட்டி, "எ முழை" என்றான். பாட்டி ஒரு சோழியைக் கூடுதலாக அவன் குழியில் போட்டதை நான் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை, அதற்குள் எண்ணத் தொடங்கிவிட்டான்.